ஜெனீவாவில் எழுதிய சட்டமும் ஆலையில் மீறுகிற சட்டமும்

(கரும்பு நிலுவைப் பேரணிக்கு முன் நடந்த ஒன்றியக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



திங்கட்கிழமை பேரணி. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கூட்டம். ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. போன மாதக் கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏம்ப்பா, நோட்டீசுல உலக வர்த்தக அமைப்பு, உலக வர்த்தக அமைப்புன்னு போட்டிருக்கீங்களே, அவனுக்குப் போலீசு இருக்கா? ஜெயிலு இருக்கா? அவன் சொன்னா டெல்லியில இருக்கறவன் எதுக்குக் கேக்கணும்?" என்று கேட்டார். நேரமாகிவிட்டது என்று சொல்லி மழுப்பிவிட்டேன். உண்மை என்னவென்றால் எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. பிறகு வக்கீல் நண்பர் ஒருவரிடம் புத்தகம் வாங்கி ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அய்யா கேட்டது சின்னக் கேள்வி இல்லை. பெரிய பெரிய படிப்பாளிகள் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

அவர் கேள்வியோடு என் கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். எனக்கு நாலு ஏக்கர். அதில் ரெண்டு ஏக்கர் கரும்பு. போன பருவத்துக்கு முந்தின பருவத்தில் வெட்டு உத்தரவு வாங்கி, வெட்டுக்கூலி கடன் வாங்கிக் கொடுத்து, ஆலைக்கு அனுப்பினேன். பணம் கைக்கு வர பதினோரு மாதம் ஆயிற்று. வட்டி ஒரு ரூபாய் வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது? 1966ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது: கரும்பு கொடுத்த 14 நாளைக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. அதுவும் தவறினால் கலெக்டர் நிலவரி பாக்கி வசூலிப்பதுபோல் ஆலையிடம் வசூலித்துத் தர வேண்டும். இந்தச் சட்டத்துக்குக் கலெக்டர் இருக்கிறார், தாசில்தார் இருக்கிறார், போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. ஆலைக்காரர் கேட்பதில்லை. ஜெனீவாவில் இருக்கிற அமைப்புக்கு ஒரு கான்ஸ்டபிள்கூடக் கிடையாது. அது சொன்னால் டெல்லி அசைகிறது. இது எப்படி?

முதலில் இந்தச் சர்வதேசச் சட்டம் என்பது எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம்.

நம் ஏரியிலே மடை திறக்கிற முறை இருக்கிறதல்லவா, யார் நிலத்துக்கு எந்த நாள், எத்தனை நாழிகை என்று? அதை எந்த எம்.எல்.ஏ. எழுதினார்? யாரும் எழுதவில்லை. தலைமுறை தலைமுறையாக நடந்தது, நடப்பதுதான் முறை என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். நாடுகளுக்கு இடையிலும் அப்படி வழக்கம் சட்டமாகும். ஒரு நாட்டுத் தூதரை இன்னொரு நாடு பிடித்து அடைக்கக்கூடாது என்பது எழுத்தில் வருவதற்கு முன்பே பல நூறு ஆண்டு வழக்கத்தில் இருந்தது. 1961இல்தான் வியன்னாவில் அதை ஒப்பந்தமாக எழுதினார்கள். வழக்கம் சட்டமாவதற்கு ரெண்டு வேண்டும்: நாடுகள் தொடர்ந்து அப்படி நடக்க வேண்டும், அது தங்கள் கடமை என்று நினைத்து நடக்க வேண்டும். சும்மா சௌகரியத்துக்குச் செய்வது சட்டமாகாது.

இன்னொரு வழி ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டவனுக்கு மட்டும் கட்டுப்பாடு. இது நமக்குத் தெரியாத விஷயமே இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கிற பிள்ளை அங்கே தபால்தலை ஒட்டிப் போட்ட கடிதம் இங்கே நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. நம் தபால்காரர் "இது எங்க ஊர் தபால்தலை இல்லை" என்று திருப்பி அனுப்புகிறாரா? இல்லை. 1874இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் 22 நாடுகள் உட்கார்ந்து செய்த ஒப்பந்தம். இந்தியா 1876இல் சேர்ந்தது. அதற்கப்புறம் ரெண்டு உலகப் போர் வந்தது, எத்தனையோ அரசுகள் கவிழ்ந்தன, அந்த முறை நிற்கிறது. யாரும் யாரையும் மிரட்டவில்லை. நீ என் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் நான் உன் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன், அவ்வளவுதான். சர்வதேசச் சட்டத்தில் பெரும் பகுதி இந்த மாதிரிதான். கப்பல், விமானம், தொலைபேசி என்று தினமும் சத்தமில்லாமல் நடக்கிறது. நடப்பது கண்ணில் படாது. மீறினால்தான் பேப்பரில் வரும்.

ஆனால் எல்லா ஒப்பந்தமும் தபால் ஒப்பந்தம் மாதிரி வெள்ளையாக இருக்காது. நம் கழுத்துக்கு வந்ததைச் சொல்கிறேன்.

1947இல் ஜெனீவாவில் 23 நாடுகள் சேர்ந்து வர்த்தகத்துக்கும் சுங்க வரிக்கும் ஒரு பொது உடன்பாடு போட்டன. காட் என்பார்கள். இந்தியா அதில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ரொம்ப நாள் அது தொழிற்சாலைப் பொருளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது, விவசாயத்தை ஓரமாக விட்டிருந்தது. 1986இல் உருகுவே நாட்டில் புதிய பேச்சுவார்த்தை ஆரம்பித்தபோதுதான் விவசாயமும், விதைக்கும் மருந்துக்கும் காப்புரிமையும் உள்ளே வந்தன. 1991 டிசம்பரில் காட் அமைப்பின் தலைமை இயக்குநர் ஆர்தர் டங்கல் ஒரு வரைவை மேசையில் வைத்தார். டங்கல் திட்டம், டங்கல் திட்டம் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டோமே, வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் அப்போது இளந்தாரி. கொடி பிடித்துக்கொண்டு போனேன், டங்கல் என்றால் ஆளா ஊரா என்றுகூட அப்போது தெரியாது.

பேச்சுவார்த்தையில் கலந்துகொண்டது 123 நாடுகள். ஆனால் விவசாய மானியத்துக்கு எப்படிக் கணக்குப் போடுவது என்பது எங்கே முடிவானது தெரியுமா? 1992 நவம்பரில் வாஷிங்டனில், அமெரிக்க ஜனாதிபதியின் விருந்தினர் மாளிகையான பிளேர் ஹவுசில். உள்ளே இருந்தது ரெண்டே தரப்பு. அமெரிக்கா ஒன்று, ஐரோப்பிய சமூகம் இன்னொன்று. அவர்கள் ரெண்டு பேரும் தங்கள் மானியத்தைப் பத்திரமாக வைக்கப் பெட்டி செய்துகொண்டார்கள். மற்ற நாடுகளுக்கு முடிந்த காகிதம்தான் வந்தது. 1994 ஏப்ரல் 15 அன்று மொராக்கோ நாட்டின் மராக்கேஷில் கையெழுத்து. 1995 ஜனவரி 1 முதல் உலக வர்த்தக அமைப்பு.

அங்கே ஓட்டுப் போடும் வழக்கம் நடைமுறையில் இல்லை. ஒருமித்த கருத்து என்பார்கள். அதாவது கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற எந்த நாடும் எழுந்து "ஒப்புக்கொள்ள மாட்டேன்" என்று சொல்லாவிட்டால் எல்லாரும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்திலே பெரிய மனுஷன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து மறுப்புச் சொல்கிற கூலிக்காரர் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். ஒப்பந்தம் எழுதியிருப்பது இங்கிலீஷ், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகிய 3 மொழியில். தமிழை விடுங்கள், இந்தியிலும் இல்லை.

நம் நாட்டில் இதற்கு யார் சம்மதம் கொடுத்தது? நம் அரசியல் சட்டப்படி வெளிநாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மத்திய மந்திரிசபை போதும். பாராளுமன்றத்தில் ஓட்டுக்கு விட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, அது சரி. ஆனால் 253ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கென்றால் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயத்துக்கும் பாராளுமன்றம் சட்டம் போடலாம். ஆக, மாநில அரசைக் கேட்க வேண்டியதில்லை, பாராளுமன்றத்தையும் முன்கூட்டிக் கேட்க வேண்டியதில்லை. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதும் இந்த வழியில்தான். நம் தாலுகா ஆபீசில் ஒரு பட்டா மாறுதலுக்குக்கூட அக்கம்பக்கத்துக்கு நோட்டீஸ் கொடுக்கிறார்கள்.

சரி, கையெழுத்துப் போட்டாயிற்று. ஏன் கேட்கிறார்கள் என்ற பெரியவர் கேள்விக்கு வருகிறேன். மூன்று நிஜமான வழக்கைச் சொல்கிறேன்.

முதல் வழக்கு நம்முடையது. வெளிநாட்டிலிருந்து வருகிற பொருளுக்கு இந்தியா அளவுக் கட்டுப்பாடு வைத்திருந்தது. அந்நியச் செலாவணி பற்றாக்குறை என்று காரணம் காட்டி வைத்திருந்தது. 1997இல் அமெரிக்கா வழக்குப் போட்டது. "உன்னிடம்தான் போதுமான டாலர் கையிருப்பு வந்துவிட்டதே, இனி என்ன கட்டுப்பாடு?" என்றது. 1999இல் மேல்முறையீட்டிலும் இந்தியா தோற்றது. பாக்கியிருந்த 1,429 பொருள்களில் 714க்கு 2000ஆம் ஆண்டும், மீதி 715க்கு 2001 ஏப்ரலிலும் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். பால் பவுடர் முதல் பழம்வரை அதில் உண்டு. போலீஸ் வந்ததா? இல்லை. ஏன் எடுத்தார்கள்? எடுக்காவிட்டால், தோற்ற நாட்டின் ஏற்றுமதிக்கு ஜெயித்த நாடு பதில் வரி போடலாம் என்று அமைப்பு அனுமதி கொடுக்கும். துணி, தோல், மீன் ஏற்றுமதி செய்கிறவர்கள் டெல்லியில் போய் நிற்பார்கள், எங்களைக் காப்பாற்றுங்கள் என்று. அவர்கள் குரல் கேட்கும். நம் குரல் கேட்காது. இதை நான் வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை, நடக்கிற விதமே அதுதான்.

இரண்டாவது வழக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. பருத்தி. அமெரிக்கா தன் பருத்திக்காரர்களுக்குக் கொட்டிக் கொடுத்த மானியத்தால் உலகச் சந்தையில் விலை விழுந்தது என்று 2002இல் பிரேசில் வழக்குப் போட்டது. 2004இல் தீர்ப்பு, 2005இல் மேல்முறையீடு, ரெண்டிலும் பிரேசில் ஜெயித்தது. அமெரிக்கா கேட்டதா? சும்மா கொஞ்சம் ஒட்டுப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் பிரேசிலுக்குப் பதிலடி உரிமை கிடைத்தது. 2010இல் கணக்குப் போட்டால் சுமார் 82.9 கோடி டாலர். அதிலும் ஒரு சூட்சுமம். பருத்திக்குப் பருத்தி என்று இல்லாமல், அமெரிக்கக் கம்பெனிகளின் காப்புரிமையிலேயே கை வைக்கலாம் என்ற உரிமை. மருந்துக் கம்பெனியும் சினிமாக் கம்பெனியும் விடுவார்களா? அமெரிக்கா உடனே சமாதானம் பேசியது. என்ன சமாதானம்? மானியத்தை நிறுத்தவில்லை. அதற்குப் பதிலாகப் பிரேசில் பருத்திக்காரர்களுக்கென்று அமைத்த ஒரு நிதியத்துக்கு ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் கொடுத்தது! தன் ஊர் விவசாயிக்கும் மானியம், அந்த ஊர் விவசாயிக்கும் பணம். 2014இல் இன்னொரு 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள்.

அதே பருத்தி, அதே அநியாயம், ஆப்பிரிக்காவில் பெனின், புர்கினா பாசோ, மாலி, சாட் என்று நாலு ஏழை நாடுகள் 2003இல் முறையிட்டன. அவர்களுக்கு என்ன கிடைத்தது? மாநாட்டுத் தீர்மானங்களில் நல்ல வார்த்தைகள். ஏனென்றால் பதில் வரி போட்டு அமெரிக்காவை நோகடிக்கிற அளவுக்கு அவர்கள் அமெரிக்காவிடம் எதுவும் வாங்குவதில்லை. சட்டப் புத்தகம் எல்லாருக்கும் ஒன்று. கையில் இருக்கிற தடிதான் வேறு வேறு.

மூன்றாவது வழக்கு நம் கரும்பு. இதைக் கொஞ்சம் விவரமாகக் கேளுங்கள், நம்மில் பல பேருக்குத் தெரியாது.

விவசாய ஒப்பந்தத்தில் மானியத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். 1986 முதல் 1988 வரை யார் அதிகமாகச் செலவு செய்தார்களோ, அவர்கள் அதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு மீதியைத் தொடரலாம். அப்படி அமெரிக்காவுக்குக் கிடைத்த அனுமதி ஆண்டுக்கு 1,910 கோடி டாலர். அப்போது செலவு செய்யாத நம்மைப் போன்ற நாட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் வரைதான். பழைய குடிகாரனுக்கு ஒரு பாட்டில் அனுமதி, குடிக்காதவனுக்கு ஒரு மூடி என்கிற கதை.

அந்த 10 சதவீதத்தைக் கணக்கிடுவது அதைவிட வேடிக்கை. இன்றைக்கு அரசு அறிவிக்கிற விலையை எடுத்து, 1986–88இல் இருந்த வெளிச்சந்தை விலையைக் கழிக்க வேண்டும். மிச்சம் எல்லாம் மானியம்! நான் பத்தாவது பரீட்சை எழுதிய காலத்து விலை. அன்றைக்கு டீசல் என்ன விலை, உரம் என்ன விலை, வெட்டுக்கூலி என்ன? விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் எடுங்கள் என்று கேட்டுக் கேட்டு இந்தியாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

2019இல் ஆஸ்திரேலியா, பிரேசில், குவாத்தமாலா மூன்றும் இந்தியாவின் கரும்பு விலைமேல் வழக்குப் போட்டன. பருத்திக்கு நமக்குப் பிடித்த வேலை செய்த அதே பிரேசில்தான். அவரவர் பயிர் அவரவருக்கு. மத்திய அரசு அறிவிக்கிற கட்டுப்படியான விலை, சில மாநிலங்கள் அறிவிக்கிற பரிந்துரை விலை, ரெண்டும் மானியம் என்றார்கள். இந்தியா என்ன சொன்னது? "விலையை அரசு கொடுக்கவில்லை, ஆலை கொடுக்கிறது. அரசு பணத்தில் ஒரு பைசா இல்லை. பிறகு எப்படி மானியம்?" நியாயமான பேச்சுதான். ஏற்கவில்லை. 2021 டிசம்பர் 14 அன்று வந்த விசாரணைக் குழு அறிக்கை, 2014–15 முதல் 2018–19 வரை அஞ்சு பருவத்திலும் இந்தியா வரம்பு மீறியது என்று சொன்னது. அரசு விலை நிர்ணயித்தாலே போதும், யார் பணம் கொடுத்தார் என்பது கணக்கில்லை என்பது அவர்கள் வாதம்.

2018–19இல் மத்திய அரசு விலை டன்னுக்கு 2,750 ரூபாய், அதுவும் 10 சதவீதம் பிழிதிறன் இருந்தால். அதில் வெட்டுக்கூலி போக நமக்கு எவ்வளவு நின்றது என்று நீங்களே சொல்லுங்கள். அந்த விலைதான் உலகத்துக்குக் கண் உறுத்தியது. ஜெனீவாவில் நமக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டதாகத் தீர்ப்பு வந்த அதே பருவங்களில் இங்கே நம் பணம் ஆலையில் நிலுவையில் கிடந்தது. கொடுக்காத பணத்துக்கு மானியக் கணக்கு!

இதை இந்தியா ஏற்றுக்கொண்டதா? இல்லை. மேல்முறையீடு போட்டது. அங்கே ஒரு கூத்து. மேல்முறையீட்டு அமைப்பில் 7 பேர் இருக்க வேண்டும், ஒரு வழக்கைக் கேட்கக் குறைந்தது 3 பேர். புதிய ஆட்களை நியமிக்க அமெரிக்கா வருஷக்கணக்காகச் சம்மதம் கொடுக்காமல் தடுத்ததால், 2019 டிசம்பரோடு அந்த எண்ணிக்கை இல்லாமல் போய்விட்டது. கேட்க ஆளில்லாத இடத்தில் மனுவைப் போட்டால் தீர்ப்பு அமலுக்கு வராது. அதனால் கரும்பு வழக்கு அப்படியே நின்றுவிட்டது. ஒருமித்த கருத்து என்று சொன்னேனே, அந்தக் கதவு ரெண்டு பக்கமும் திறக்கும் என்பதற்கு இது சாட்சி. வல்லவன் சட்டத்தை முடக்கியதில் நமக்குத் தற்செயலாக ஒரு நிழல் கிடைத்தது. இந்த நிழலை நம்பி நாற்றங்கால் போட முடியாது. அமைப்பு என்றைக்கு மறுபடி எழுந்து நின்றாலும் இந்தக் கோப்பு மேலே வரும்.

இங்கே இளைஞர்கள் சிலர், "அப்ப எல்லாமே பலசாலி வச்சதுதானே சட்டம், விட்டுத் தள்ளுங்க" என்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா எந்த அமைப்பையும் கேட்காமல் இந்தியப் பொருள்மேல் 50 சதவீதம்வரை வரி போட்டது. அதே ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை மத்திய அரசு பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை எடுத்துவிட்டது. பருத்தி வெடித்துச் சந்தைக்கு வருகிற மாதங்கள். சட்டமே இல்லாத இடத்தில் நம் நிலைமை எப்படி இருக்கும் என்பதற்கு அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மோசமான சட்டத்திலாவது பிரேசில் ஒரு வழக்குப் போட முடிந்தது.

அதுமட்டுமில்லை. கேட்டுக் கீழ்ப்படிவதிலும் பல தினுசு இருக்கிறது. விதைக்குக் காப்புரிமையோ வேறு ஏதாவது பாதுகாப்பு முறையோ வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. யூபோவ் என்று பணக்கார நாடுகள் செய்துவைத்த முறை தயாராக இருந்தது. இந்தியா அதில் சேராமல் 2001இல் தானே ஒரு சட்டம் செய்தது. அதன் 39ஆவது பிரிவுப்படி விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். பெயர் பொறித்த கம்பெனி விதையாக விற்கக்கூடாது, அவ்வளவுதான். அந்தப் பிரிவு தானாக முளைத்ததா? ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கத்தியதில் முளைத்தது. அரிசிக்கு அந்தக் காலத்தில் வரியே போட மாட்டோம் என்று இந்தியா வாக்குக் கொடுத்திருந்தது. எத்தனை பேருக்கு அது தெரியும்? 1999–2000இல் திரும்பப் பேசி, நெல்லுக்கு 80 சதவீதம், அரிசிக்கு 70 சதவீதம் வரை வரி போடலாம் என்று மாற்றிக்கொண்டது. கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் திருத்தலாம், விலை கொடுக்க வேண்டும். நம் இலவச மின்சாரத்துக்கு வருமானம் குறைந்த விவசாயி என்ற பெயரில் ஒப்பந்தத்திலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது.

நெல் கொள்முதலைப் பாருங்கள். 2013 டிசம்பர் பாலி மாநாட்டில் சமாதானப் பிரிவு என்று ஒன்றை வாங்கினோம். உணவுப் பாதுகாப்புக்காக அரசு கொள்முதல் செய்வது வரம்பைத் தாண்டினாலும் வழக்குப் போட மாட்டார்கள். அது நிரந்தரமில்லை என்றபோது, 2014 ஜூலையில் இந்தியா வேறொரு ஒப்பந்தத்துக்குச் சம்மதம் தர மறுத்து உட்கார்ந்தது. அதே ஒருமித்த கருத்து விதிதான், இந்தத் தடவை நம் கையில். நவம்பரில் இறங்கி வந்தார்கள், நிரந்தரத் தீர்வு வரும்வரை அந்தப் பாதுகாப்பு தொடரும் என்றார்கள். பிற்பாடு 2018–19இல் 4,367 கோடி டாலர் நெல் உற்பத்திக்கு 500 கோடி டாலர் ஆதரவு என்று கணக்கு வந்து 10 சதவீதத்தைத் தாண்டியபோது, இந்தியா அந்தப் பிரிவைப் பயன்படுத்தித்தான் தப்பித்தது. ஆனால் 2013க்கு முன்பே இருந்த கொள்முதலுக்குத்தான் அது. புதிதாக ஒரு பயிருக்குக் கொள்முதல் கேட்டால் அந்தக் குடை விரியாது. கரும்புக்கும் விரியாது.

2003 செப்டம்பர் 10. மெக்சிகோவில் கான்கூன் நகரம். உள்ளே வர்த்தக மந்திரிகள் மாநாடு. வெளியே தடுப்பு வேலி. தென்கொரியாவிலிருந்து வந்த விவசாயி லீ கியுங் ஹே அந்த வேலிமேல் ஏறித் தன்னைக் கத்தியால் குத்திக்கொண்டு இறந்தார். சொந்த நாட்டில் விவசாயிகள் சங்கத் தலைவராக இருந்தவர். நாலு நாள் கழித்து மாநாடு உடைந்தது. அவர் சாவினால்தான் உடைந்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஏழை நாடுகள் சேர்ந்து நின்றதால் உடைந்தது. ஆனாலும் அந்த மனுஷரை நினைக்காமல் இந்தப் பேச்சைப் பேச எனக்கு மனசு வரவில்லை. நம்மில் யாரும் அந்த வழியை நினைக்கக்கூடாது. உயிரோடு இருந்து சண்டை போட ஆள் வேண்டும்.

விவசாயிகள் எழுதிய சர்வதேசக் காகிதமும் ஒன்று உண்டு. பல நாட்டு விவசாயச் சங்கங்கள் வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, 2018 டிசம்பர் 17 அன்று ஐ.நா. பொதுச் சபை விவசாயிகள் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. ஆதரவு 121, எதிர்ப்பு 8, நடுநிலை 54. இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. நிலம், விதை, நியாயமான விலை எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது பிரகடனம், ஒப்பந்தம் இல்லை. மீறினால் வழக்குப் போட இடம் கிடையாது. அரிசி மூட்டைமேல் போட்ட முத்திரை மாதிரி, உள்ளே அரிசி இன்னும் போடவில்லை. நாடுகள் அதைப் பின்பற்றத் தொடங்கினால், முன்னே சொன்னேனே, வழக்கம், அந்த வழியில் ஒருநாள் சட்டமாகலாம்.

இப்போது பெரியவருக்குப் பதில். அய்யா, அவனுக்குப் போலீசு கிடையாது. கேட்காவிட்டால் நஷ்டப்படுகிறவன் அந்தந்த நாட்டுக்குள்ளேயே இருக்கிறான், அவன்தான் போலீசு. அமெரிக்காவுக்கு அது மருந்துக் கம்பெனி. இந்தியாவுக்கு அது ஏற்றுமதிக்காரர். தபாலுக்கு அது கடிதம் போடுகிற ஒவ்வொருத்தனும். நாளைக்கும் இவனோடு பேரம் பேச வேண்டும், வாக்குத் தவறியவன் என்று பெயர் வாங்கினால் அடுத்த பேரம் படியாது என்ற பயமும் இருக்கிறது. நம் 14 நாள் சட்டம் ஏன் செத்துக் கிடக்கிறது? மீறினால் ஆலைக்கு எந்த நஷ்டமும் இல்லை. நம் பணத்தை வட்டியில்லாக் கடனாக வைத்துக்கொண்டு லாபம்தான். அந்த நஷ்டத்தை உண்டாக்குகிற வேலை நம்முடையது. சங்கம் அதற்குத்தான்.

பேரணிக்கு வருகிறேன். கலெக்டரிடம் கொடுக்கிற மனுவில் முதல் கோரிக்கை, கட்டுப்பாட்டு ஆணைப்படி நிலுவையை 15 சதவீத வட்டியோடு கணக்கிட்டு வருவாய் வசூல் நடவடிக்கை எடுக்க வேண்டும். வட்டியை விட்டுக்கொடுத்து முதலை மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆலைத் தரப்பிலிருந்து ஆள் வருவார்கள், கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இன்னொரு மனு மத்திய அரசுக்கு. கரும்பு வழக்கில் சமரசம் பேசுவதாக இருந்தால் என்ன பேசுகிறோம் என்பதைப் பாராளுமன்றத்திலும் மாநில அரசிடமும் முன்கூட்டியே வைக்க வேண்டும், விவசாய ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதன் வரைவைத் தமிழில் வெளியிட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். கிராமத்துக்குக் குறைந்தது 20 கையெழுத்து வேண்டும். பெண்கள் பெயரில் நிலம் இருந்தால் அவர்களே வந்து போட வேண்டும்.

திங்கள் காலை 9 மணிக்குப் பஸ் நிலையம் எதிரில் கூடுகிறோம், 10 மணிக்கு ஊர்வலம். வரும்போது ஆலை கொடுத்த எடைச்சீட்டு, பணம் வரவு வைத்த பேங்க் பாஸ்புக் பக்கம், ரெண்டுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். கரும்பு கொடுத்த தேதியும் பணம் வந்த தேதியும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க முடியாதவர்கள் அசலைக் கொண்டுவந்தால் நம் மேசையிலேயே எழுதிக்கொள்வோம்.